பழைய யன்னல்கள் போன வழி

ஓகஸ்ட் 5, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று. முற்றம் கூட்டி முடிய முதல் திரும்பவும் மண். உடுப்புக் காயப்போட வழியில்லை.

யன்னல் வேலை இன்றோடு சரி. கூரைக்குக் கீழே வெள்ளித் தாள் போன கிழமையே அடித்தாயிற்று. இன்று ஆறு யன்னலும் மாற்றி முடிந்தது. அலுமினியச் சட்டம், தடித்த கறுப்புக் கண்ணாடி, நுளம்பு வலை. பாதிச் செலவு வீட்டு வெக்கை குறைக்கிற திட்டம், பாதி நாங்கள். மத்தியானம் விசிறி போடாமல் சாப்பிட்டோம். பாப்பாமோட்டையில் ஓகஸ்ட் மாதத்தில் இப்படிச் சாப்பிட்ட நினைவில்லை.

ஆறு என்று எழுதினேன். ஏழு. குசினிக்கு வெறும் கம்பிதான் இருந்தது, அது திட்டத்தில் சேராது. வேலையை மேற்பார்க்கும் சுதன் அங்கேயும் ஒன்று போட்டுவிட்டான். "ஒரு யன்னல் மிஞ்சிக் கிடக்கு டீச்சர். சும்மா போட்டுத் தாறன்." இந்தக் காலத்தில் சும்மா தருகிறவன் யார்? கேட்டேன். சிரித்தான். இவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் யன்னல் நல்ல யன்னல். அடுப்பில் நின்றபடி வேப்பமரம் தெரிகிறது.

கழற்றிய பழையவை ஆறும் கிணற்றடியில். மாமா, இவருடைய அப்பா, ஒரு பழைய அரசாங்கக் கந்தோர்க் கட்டடம் இடித்தபோது ஏலத்தில் எடுத்தவை. பச்சைப் பெயின்ற், படை படையாக. ஒன்றில் கொளுக்கி உடைந்ததும் நான் கரண்டிக் காம்பை வளைத்து அடித்திருந்தேன்.

பின்னேரம் திட்டத்து அபிராமி மிஸ் வந்து விளக்கினார். பழைய பச்சைப் பெயின்றில் ஈயம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வரும். சின்னப் பிள்ளைகளின் மூளைக்குக் கூடாது. ஆகவே:
— விறகாக்கக் கூடாது
— சுரண்டக் கூடாது
— கண்ணாடி உடையக் கூடாது
— ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது
லொறி வந்து மன்னார்த் தாராபுரத்துக் களஞ்சியத்துக்கு ஏற்றும். அங்கிருந்து கொழும்பு. "ஒண்டு குறைஞ்சாலும் கேள்வி வரும் டீச்சர்."

மிஸ் போன கையோடு பக்கத்து வளவு மாரியாயி வேலியடிக்கு வந்தாள். மிஸ் போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா. சாக்குத்தான் கட்டி வச்சிருக்கேன், இந்தக் காத்துக்கு நிக்கமாட்டேங்குது."

"ஏலாது மாரியாயி. நஞ்சுப் பெயின்ற். ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டினம்."

"நீங்க இத்தன வருசம் அதுக்குள்ளதான இருந்தீங்க."

அவளுடையது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். புருசன் கொழும்பில் கட்டட வேலை, இவள் கிடைத்த கூலிக்கு. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அதனால் திட்டத்திலும் இல்லை. நாலு வயது மகள் தர்ஷி என்னுடைய முன்பள்ளியில்.

நாளைக்கு: முன்பள்ளி (மு.ப.) பாய் கழுவ. தேங்காய். மூக்குக்கண்ணாடிக் கூடு எங்கே?

ஓகஸ்ட் 7, வியாழன்

அதே காற்று. கூடு அலுமாரிக்கு மேல்.

மு.ப. விட்டு வந்து கிணற்றடிக்குப் போனால் யன்னல் நாலுதான். இரண்டு இல்லை. கரண்டிக் காம்பு அடித்ததும் இல்லை.

இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும். நான் வயலில நிண்டனான்." தலை நிமிராமல் சொன்னார். மண்வெட்டிப் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் அதைத்தான் தேய்த்தார்.

பட்டப்பகலில் இந்த ஒழுங்கைக்குள் வந்து இரண்டு யன்னலைத் தூக்கிக்கொண்டு போவதற்கு வெளியாள் தேவையில்லை. மாரியாயி வீட்டு வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. கோழி வரும், ஆள் வரலாம், யன்னல் வருமா? சரித்துப் பிடித்தால் வரும். போய்ச் சரித்துப் பார்த்தேன், ஒரு தடியால் அளந்து. வரும்.

அவளுடைய வீட்டில் சாக்குத் தொங்கியபடிதான். புதிதாக ஒன்றும் தெரியவில்லை. உடனே போட்டால் தெரியும் என்று உள்ளே வைத்திருப்பாள்.

மிஸ்ஸுக்கு என்ன சொல்வது? ஒன்று குறைந்தாலே கேள்வி.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மு.ப.வில் பதினொரு மணிக்கு வழக்கம்போல சந்திப் பேக்கரிப் பணிஸ். சூசை அண்ணையின் பேக்கரி ஓட்டோ பாட்டுப் போட்டபடி வரும்போது பிள்ளைகள் பாடத்தை விட்டுவிடுவார்கள். ஆளுக்கொன்று. அடிப் பக்கம் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக் கொடுத்தேன்.

தர்ஷிக்குக் கை துடைத்துவிடும்போது கேட்டுவிட்டேன். "வீட்டில புது யன்னல் போட்டாச்சோ?" தலையாட்டினாள், இல்லை என்று. பிறகு தானாகவே சொன்னாள்.

"எங்க வீட்ல பச்சக் கட்டை இருக்கு டீச்சர். அம்மா அடுப்புல வைக்கும்."

நாலு வயதுப் பிள்ளையிடம் உளவு கேட்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பச்சைக் கட்டை. நஞ்சு என்று நான் சொல்லியும் எரிக்கிறாள். எடுத்ததற்கு மேல் இது.

பின்னேரம் தலையிடி. கோப்பி. மாட்டுக்குப் புண்ணாக்கு முடிந்துவிட்டது.

ஓகஸ்ட் 9, சனி

முருங்கைக்காய் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாரியாயி வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் முருங்கைக்காய் கொண்டுபோனது இதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

யன்னல் இல்லை. எட்டிப் பார்த்தவரையில் இல்லை. அடுப்படியில் சின்னச் சின்னச் சிராய்கள் ஒரு கடகம் நிறைய. பச்சை. எங்களுடைய பச்சை.

"என்னத்தத் தேடுறீங்க டீச்சர்?"

"இந்த விறகு எங்கால?"

"பேக்கரில. ஒரு மாசமா அங்கதான் விறகு கொத்துறேன். மடுத் திருவிழாவுக்கு ராப்பகலா சுடுறாங்க. மிஞ்சுற சிராய அள்ளிக்கிட்டுப் போன்னு சொல்லுவாங்க."

எந்தப் பேக்கரி யன்னல் நிலையைப் போட்டுப் பாண் சுடும்? அப்படியே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. முன் வீட்டில் யாரோ வெளியே வந்தார்கள்.

மாரியாயி முருங்கைக்காயைத் திருப்பி என் கையில் வைத்தாள். "நான் கேட்டு வாங்குறவ டீச்சர். கேட்டேன், இல்லேன்னீங்க, அதோட விட்டுட்டேன்."

அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நானும் வந்துவிட்டேன். திருடினவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சிராயை மறைக்கவில்லையே. மறைக்க நேரமில்லாமல் இருந்திருக்கலாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கோயில். ஐயர் பிந்தி வந்தார். சனம் முழுக்க மடு மாதா கோயிலுக்குப் போகிற கதைதான். எந்த வேன், எந்த நாள், பாய் கொண்டுபோவதா இல்லையா. நாங்களும் ஒவ்வொரு வருடமும் போவோம். இந்த முறை மனமில்லை.

வழியில் ஒருத்தி: "உங்கட வீட்டு யன்னலைக் களவெடுத்தாளாமே உந்த மாரியாயி?" நான் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றைய சத்தம் போதும் போல.

சாப்பிடும்போது இவர்: "நீர் ஏன் அந்தக் கதையை இழுக்கிறீர். ரெண்டு பழைய யன்னல். விடும்."

எப்போதும் ஒரு ஆணி காணாமல் போனாலும் வளவைக் கிண்டுகிற மனுசன். இப்போது விடச் சொல்கிறார். ஏன்?

ஓகஸ்ட் 11, திங்கள்

தர்ஷி வரவில்லை. அவளுடைய பணிஸ் தட்டத்தில் மிஞ்சிக் கிடந்தது. காகத்துக்குப் போட்டேன்.

நான் வீட்டில் நின்ற நேரம் பார்த்து சுதன் உழவு யந்திரப் பெட்டியோடு வந்தான். திட்டத்து லொறி வரும் என்றல்லவா மிஸ் சொன்னார்? "லொறி பழுது டீச்சர்." நாலு யன்னலையும் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தான். வைக்கவில்லை, எறிந்தான். ஒரு கண்ணாடி போன சத்தம் கேட்டது.

கையெழுத்துக் கேட்டான். நாலு என்று எழுதப் போனேன்.

"ஆறு எண்டு போடுங்கோ டீச்சர்."

போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது. அவன் போன பிறகு அரிசி களையும்போதுதான் உறைத்தது. இரண்டு குறைகிறதே, எங்கே என்று அவனல்லவா என்னைக் கேட்க வேண்டும்? கேட்கவில்லை. நாலு நிற்பதைப் பார்த்து அவன் முகம் மாறவே இல்லை. இரண்டும் எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் போகும்போதே புதுக் குசினி யன்னலால் பார்த்திருந்தேன். ஒழுங்கை முடிவில் மன்னார்ப் பக்கம் திரும்பவில்லை. புழுதி சந்திப் பக்கமாகப் போயிற்று.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

வெக்கை. காற்றும் இல்லை.

மு.ப. விட்டதும் சந்திக்குப் போனேன். பிள்ளைகளின் விழாவுக்குக் கேக் சொல்ல வந்தேன் என்று சொன்னேன். பொய். கடையில் சனம். மடுவுக்குக் கட்டிக்கொண்டு போக விசுக்கோத்து, பாண், றஸ்க். முன்னால் நிற்காமல் ஓட்டோ நிற்கும் பக்கத்தால் பின்னுக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்தன. எங்களுடையவை மட்டுமில்லை. வெள்ளை, நீலம், மண்ணிறம், இந்தப் பகுதியில் திட்டம் வந்த வீடுகளின் யன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு. கண்ணாடிகளைக் கழற்றி மதிலோரம் வெட்டிய கிடங்குக்குள் கொட்டியிருக்கிறார்கள். கரண்டிக் காம்பு ஒரு பலகையோடு கிடந்தது. பலகை பாதி கொத்தியாயிற்று.

கொத்திக்கொண்டிருந்தவள் மாரியாயி. மூக்கிலும் இமையிலும் பச்சைத் தூள். என்னைப் பார்த்தாள். கோடரியை இறக்கவில்லை, ஓங்கவும் இல்லை. பிறகு திரும்பி அடுத்த கட்டையை எடுத்தாள்.

பாண் சுடும் போறணையின் வாய் திறந்திருந்தது. உள்ளேதான் எரிக்கிறார்கள். தணலை வழித்து வெளியே இழுத்துவிட்டு, சாக்கை நனைத்து ஒரு துடை, அதே தரையில் மா வைத்த தட்டுகள். வெள்ளிக்கிழமை நான் தட்டிவிட்ட சாம்பல்.

சூசை அண்ணை வந்தார். பெனியனோடு, மா அப்பிய கையோடு.

"என்ன டீச்சர் இஞ்சால வந்து நிக்கிறியள்?"

"இது ஆர் தந்தது அண்ணை?"

"சுதன் தம்பி. நல்ல காய்ஞ்ச தேக்கு. திருவிழா நேரம் விறகு எங்க கிடைக்குது? போன கிழமை தட்டுப்பாடாப்போச்செண்டு சொல்ல, அண்டைக்கே ரெண்டு கொண்டந்து போட்டவன்."

ஈயம் பற்றிச் சொன்னேன். புகை, சாம்பல், பிள்ளைகள். அவர் கேட்டார். உண்மையாகவே தெரியாது அவருக்கு, முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

"திருவிழா முடியட்டும் டீச்சர். முடிஞ்ச கையோட நிப்பாட்டுறன். இவ்வளவு ஓடரை எடுத்துப்போட்டு நான் என்ன செய்யிறது?"

"அதை ஆர் சாப்பிடப் போகினம் அண்ணை?"

உள்ளே போய்விட்டார்.

பின்னேரம்

தேத்தண்ணி கொடுத்துவிட்டு இவருக்கு முன்னால் இருந்தேன். பேக்கரியில் கண்டதைச் சொன்னேன். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுதன் வந்து கேட்டவன். அவசரமா ரெண்டு வேணுமெண்டு. எப்பிடியும் கொண்டுபோறதுதானே, நான் தூக்கி ஏத்திவிட்டனான்."

"பிறகு?"

"டீச்சருக்குச் சொல்ல வேண்டாம், கேள்வி கேப்பா எண்டவன்."

குசினி யன்னலைப் பார்த்தேன். இவரும் பார்த்தார். வாயை மூடி வைக்கத்தான் அது.

"நான் மாரியாயியைச் சந்தேகப்பட்டது தெரியும். ஊரே கதைச்சது தெரியும். வாயைத் திறக்கேல்லை நீங்கள்."

"நீர் அவ்வளவு தூரம் போவீர் எண்டு நினைக்கேல்லை, வசந்தி."

கெட்ட மனுசன் இல்லை. அதுதான் கோபமாக வருகிறது. ஒரு நல்ல மனுசன் ஒரு யன்னலுக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு என்னோடு சாப்பிட்டிருக்கிறார். இனி ஒவ்வொரு முறையும் இவர் தலை குனிந்தால் நான் என்ன நினைப்பது?

ஓகஸ்ட் 13, புதன்

பேக்கரி ஓட்டோவை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பிள்ளைகள் அழுகை. அவித்த கடலை கொடுத்தேன், பாதி கீழே.

தாய்மாரை நிற்கச் சொல்லிக் காரணத்தைச் சொன்னேன். ஒருத்தி: "எங்கட காலத்தில எல்லாம் விறகில சுட்டதுதானே." இன்னொருத்தி உடனே பையிலிருந்த பாணை எடுத்துப் பார்த்தாள், மணந்தாள். மணத்தில் தெரியாது என்று சொன்னேன்.

மிஸ்ஸுக்குத் தொலைபேசி (தொ.பே.) அழைப்பு. அவர் எடுக்கவில்லை. திரும்ப. எடுக்கவில்லை. அவருக்கும் இதில் பங்கோ? நேற்றிலிருந்து எல்லாரையும் அப்படித்தான் நினைக்க வருகிறது. பிறகு சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. தம்பிக்கு எடுத்தேன். ஆறுதலாகக் கேட்டார். "நீங்கள் கண்ணால கண்டனீங்களோ டீச்சர்?" கண்டேன். "பேர் போடலாமோ?" கொஞ்சம் யோசித்தேன். போடுங்கோ என்றேன்.

மூன்று மணிக்குச் சுதன் மோட்டார்சைக்கிளில். இறங்கவில்லை, கேற்றடியில் நின்றபடி.

"ஆறும் ஒப்படைச்சதெண்டு நீங்கள்தானே டீச்சர் சைன் வச்சனீங்கள். பிரச்சினை எண்டு வந்தால் உங்களுக்கும்தான். குசினி யன்னல் எப்பிடி வந்ததெண்டு கேப்பினம்."

கேட்கட்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் இவர் பின்னாலிருந்து வந்தார். "கேட்டால் நானே சொல்லுறன் தம்பி. நீர் போம்."

இவர் அப்படிச் சொன்னது நல்லதுதான். சந்தோசப்பட முடியவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

நாளைக்கு மடுத் திருவிழா. தெரு முழுக்க வேன்.

மிஸ் நேற்றுக் கொழும்பில் கூட்டமாம், தொ.பே. நிறுத்தி வைத்திருந்தாராம். காலையில் பி.எச்.ஐ. தம்பியோடு அவரும் வந்தார். பேக்கரிக்குப் போகும் வழியில் என்னையும் ஏற்றினார்கள். வேண்டாம் என்றிருப்பேன், ஆனால் நான் இல்லாமல் அங்கே என்ன பேசுவார்களோ.

மிஸ் அந்தக் குவியலைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். தாராபுரத்துக்குப் போனதாகத்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நம்புகிறேன், முக்கால்வாசி.

சாம்பல் எடுத்தார்கள், பையில் போட்டுக் கட்டினார்கள். போறணைத் தரைக் கல் முழுக்கக் கிளப்பி மாற்றும்வரை சுடக் கூடாது என்று பி.எச்.ஐ. சொன்னார். தட்டுகளில் ஊதிய மா அப்படியே. வேலை செய்த பெடியள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

சூசை அண்ணை என்னிடம் நேரே வந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன்.

"ஒரு நாள் டீச்சர். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் நானே நிப்பாட்டியிருப்பன். என்னை நம்பேல்லை நீங்கள்."

நம்பவில்லை. உண்மைதான். அவர் தலைத் துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்திருந்த சனத்திடம் பாண் இல்லை என்று சொல்லப் போனார்.

விறகுக் குவியலடியில் கோடரி மட்டும் கிடந்தது. மாரியாயியைக் காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம். இனி வரவேண்டாம் என்று. பஸ் தரிப்பில் ஒருவன்: "அவள்தான் டீச்சருக்குக் கோள் மூட்டிவிட்டவள்." மற்றவன்: "முந்தி யன்னலும் களவெடுத்தவள்தானே." நான் அங்கேதான் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்தேன். "அவள் களவெடுக்கேல்லை. எங்கட வீட்டில இருந்துதான் ஏத்திவிட்டது." இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

ஓகஸ்ட் 16, சனி

காலையில் மாரியாயி வீட்டுக்கு. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

"உள்ள வாங்க" என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே பேசினேன். இவர்தான் கொடுத்தார் என்று சொன்னேன். பிழையாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஐயா ஏத்திவிட்டது. நான் அன்னைக்கி வேலிகிட்டதான் நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

தர்ஷி வெளியே வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை மெலிவு. வயிற்று நோ என்று அடிக்கடி சொல்கிறாளாம், இரண்டு மூன்று கிழமையாக. மு.ப.விலும் சோர்ந்துதான் இருந்தாள், நான் வெக்கை என்று நினைத்தேன். அவளுடைய அம்மா தூளோடு வந்து தூக்குகிறாள். அந்தச் சிராயில்தான் சோறு. அதற்கு மேல் என் கையால் பணிஸ்.

மிஸ் அன்று விளக்கியபோது இவளையும் வேலிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டு இருத்தியிருக்கலாம். கொடுக்கக் கூடாது என்பதை மட்டும்தான் நான் சொன்னேன். நஞ்சு என்று சொன்னேன், சாட்டுச் சொல்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நானே அதைச் சாட்டாகத்தான் சொன்னேன்.

திங்கள் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். யோசித்தாள். "எதுக்கு நீங்க வர்றீங்க?" என்றாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறை.

சிராய்க் கடகத்தைச் சாக்கில் கட்டி வைத்தோம். கைக்குப் பழைய பொலித்தீன் பை.

ஓகஸ்ட் 18, திங்கள்

ஆறரை பஸ். மூன்று பேர் இருக்கையில் நாங்கள் மூன்று பேர், அவள் பிள்ளையை நடுவில் வைத்தாள். பாலத்தில் காற்று, உப்பு மணம். தர்ஷிக்குத் தூரத்தில் காற்றாலை காட்டினேன். மாரியாயி மற்றப் பக்கம் பார்த்தபடி.

ஆஸ்பத்திரி வரிசை. டொக்டர் சின்னப் பிள்ளை மாதிரி, ஆனால் பொறுமை. என்ன எரித்தீர்கள், எவ்வளவு நாள், பிள்ளை மண் தின்னுமா என்றெல்லாம் கேட்டார். இருவருக்கும் இரத்தம் எடுக்க வேண்டும், கொழும்புக்குத்தான் அனுப்புவது.

ஊசி கண்டதும் தர்ஷி கத்தல். மாரியாயிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் பிடித்திருந்தேன்.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் கழுதை ஒன்று யாருடைய பையிலோ வாய் வைத்தது. தர்ஷி சிரித்தாள். மாரியாயியும்.

முட்டை, பால், கீரை என்று டொக்டர் சொன்னார். பால் எங்களுடைய மாட்டிலிருந்து. வேண்டாம் என்றாள். பிள்ளைக்கு என்றேன்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

சுதனை நிறுத்தியாயிற்று என்று மிஸ் சொன்னார். அவன் ஒருவன்தானா என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார். பார்க்கிறோம் என்பது என்ன பதில்?

குசினி யன்னலையும் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தேன். மறிச்சுக்கட்டியில் ஒரு வீட்டுக்கு வந்த யன்னலாம் அது, அவர்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இன்று கழற்றினார்கள். இவர் தானே ஏணி பிடித்தார். ஓட்டைக்கு இப்போதைக்குச் சாக்கு.

இவரோடு பேசுகிறேன். மாடு, தண்ணி, சாப்பாடு பற்றி.

ஓகஸ்ட் 28, வியாழன்

மழைக் குணம், பெய்யவில்லை.

இரத்த முடிவு வந்துவிட்டது. தர்ஷிக்குக் கூடுதல்தான். மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்லை என்று டொக்டர் சொன்னார். எரிப்பதை நிறுத்தினால் மெதுவாக இறங்கும், மூன்று மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். மாரியாயிக்கு அதைவிடக் கூட. பெரியவர்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை என்கிறார்கள். அவளோ தன்னுடையதைக் கேட்கவே இல்லை. பிள்ளையுடையதை மூன்று தரம் சொல்லச் சொன்னாள்.

மற்றப் பிள்ளைகளையும் பார்க்க மு.ப.வுக்கு அடுத்த மாதம் ஆட்கள் வருவார்களாம். தாய்மார் ஒருவரும் இப்போது எங்களுடைய காலம் பற்றிப் பேசுவதில்லை.

சூசை அண்ணை போறணைக்குப் புதுக் கல் போடுகிறார். மாரியாயிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார், காட்டு விறகுதான், வேலைக்கு வரச்சொல்லி. அவள் போகவில்லை. விறகை முதலில் பார்க்க வேண்டுமாம்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

திட்டத்து லொறி. உண்மையான லொறி, தார்ப்பாய் போட்டது. பேக்கரிப் பின் வளவில் மிஞ்சிய யன்னல்கள், கிடங்குக் கண்ணாடி, மூட்டை கட்டிய சாம்பல், மாரியாயியின் சிராய்ச் சாக்கு. கையுறை போட்ட ஆட்கள், கண்ணாடியைத் தடித்த பையில் போட்டுக் கட்டினார்கள். நல்ல ஒழுங்கு. எனக்கு அந்த ஒழுங்கும் பிடிக்கவில்லை. அன்று உழவு யந்திரத்தில் வந்த சுதனும் திட்டத்து ஆள்தான்.

மிஸ் கையெழுத்துக் கேட்டார். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, எண்ணியதைத்தான் எழுதினேன்.

"எங்க கொண்டுபோறியள்?" சாரதியைக் கேட்டேன்.

"தாராபுரம், அக்கா."

"ஆர் பாக்கிறது?"

அவன் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் என்னைப் பார்த்தார். "நீங்கள் வேணுமெண்டால் வாங்கோ டீச்சர், ஒண்டும் மறைக்க இல்லை." வீட்டுக்குப் போய்க் கைப்பை எடுத்து, இவரிடம் மாட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன், எங்கே என்று அவர் கேட்கவில்லை.

லொறியின் முன் கதவைத் திறந்தால் மாரியாயி. தர்ஷியை மடியில் வைத்துக்கொண்டு, சாரதிக்குப் பக்கத்தில், பெல்ற் எல்லாம் போட்டு.

"நீங்கள் எங்க?" என்றேன்.

"எனக்கும் பாக்கணும்ல," என்றாள். ஒதுங்கி இடம் விட்டாள்.